எச்.ஐ.வி சட்ட உதவியில் பயிற்சி: வன்னி மாணவர்கள் கேட்டவை

கேள்வி (கிளிநொச்சி, இரண்டாம் வருட மாணவி): அக்கா, எச்.ஐ.வி உள்ளவர்களுக்கு உதவும் சட்ட உதவி அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேரச் சொல்கிறீர்கள். நீதிமன்றத்தில் பேச முடியாத மாணவர்கள் நாங்கள் அங்கே என்னதான் செய்வது?

பதில்: நிறைய இருக்கு தங்கச்சி. முதல் வேலை திகதியைக் கவனிப்பது. எச்.ஐ.வி என்று அரச ஆஸ்பத்திரியிலோ அரச பாடசாலையிலோ ஒருவரை ஒதுக்கினால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட ஒரே மாதம்தான், எங்கள் சனம் அந்த மாதத்தை அழுதே கழித்துவிட்டுத்தான் வரும். அதற்குள் வவுனியாவில் இருக்கிற மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் முறையிட்டால், 1996இன் 21ஆம் இலக்கச் சட்டப்படி விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்குக் கடிதம் வாங்கி வையுங்கள்.

அடுத்தது சத்தியக்கடதாசி, உதவிக்கு வருபவர் தனக்கு நடந்ததைச் சத்தியம் செய்து கையெழுத்திடும் கடதாசி. ஊரிலுள்ள சமாதான நீதவான் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிபர், எங்களிடம் உதவிக்கு வரும் கட்சிக்காரரைச் சின்னனிலிருந்து தெரிந்தவர். அவர் முன்னால் அந்தக் கடதாசியை விரித்தால் பின்னேரமே சந்தியில் கதை வந்துவிடலாம். பக்கத்து மாவட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வையுங்கள். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) வருமானச் சான்றுக்குப் போகும்போது 'சட்ட உதவிக்கு' என்றால் போதும். கோப்பின் வெளி அட்டையில் நோயின் பெயர் எழுத வேண்டாம், கடதாசியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம். நான் பயிற்சியில் இருந்த ஓர் அலுவலகத்தில் மேசையில் திறந்து கிடந்த கோப்பால் ஒரு குடும்பம் ஊரைவிட்டே போனது.

கேள்வி (முல்லைத்தீவு): தனியார் கடையில் வேலையால் நிறுத்தினாலும் உயர் நீதிமன்றமா?

பதில்: இல்லை. அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயலுக்கு மட்டும்தான் அந்த மனு. இதற்குத் தொழில் நியாயசபை, ஆறு மாதத்துக்குள்.

கேள்வி (வவுனியா): பயிற்சிச் சான்றிதழ் தருவார்களா?

பதில்: சேரும் முன்பே அங்கே கேளுங்கள்.

கேள்வி (மன்னார்): கணவனுக்கு இருக்கு, மனைவிக்குத் தெரியாது. நாங்கள் சொல்லக் கூடாதா? அவளின் உயிர் இல்லையா?

பதில்: கூடாது தம்பி. சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொன்னதைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு காக்கிறது, 127 அதை மொழிபெயர்ப்பாளருக்கும் எழுதுநருக்கும் நீட்டுகிறது. நீங்கள் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள். அவளின் உயிர் எனக்கும் பெரிசுதான். அதனால்தான் அவரோடு இருந்து கதைத்து, இரண்டு பேரையும் பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போக வைக்கச் சொல்கிறேன். பரிசோதனையும் மருந்தும் இலவசம், ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தபின் உடலுறவால் தொற்றாது.

கேள்வி (மன்னார், அதே தம்பி): மருந்தே எடுக்காதவர் என்றால்?

பதில்: அன்றைக்கே மேற்பார்வைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். முடிவு அவருடையது, உங்களுடையது அல்ல.

கேள்வி (ஒரு தாதி): சட்டம் கதைக்கிறீர்கள். அவள் பிள்ளைத்தாய்ச்சி என்றால்?

பதில்: மிஸ், உங்களுக்கே தெரியும், கர்ப்பிணிக் கிளினிக்கில் எச்.ஐ.வி பரிசோதனை இருக்கு. அந்த வழியில்தான் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் எங்களை ஏற்றது. பயந்து வந்த ஒருவரை நாங்கள் காட்டிக்கொடுத்தோம் என்று தெரிந்தால், அடுத்த பத்துப் பேர் எங்களிடமும் வரமாட்டார்கள், உங்களிடமும் வரமாட்டார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் மனைவி இருக்கிறார்கள்.

கேள்வி (செட்டிகுளம்): சான்றிதழ் கிடைக்குமா அக்கா?

பதில்: வவுனியாத் தம்பிக்குச் சொன்னதைப் பாருங்கள். இனி இதற்குப் பதில் எழுதமாட்டேன்.

கேள்வி (பரந்தன்): பக்கத்தில் இருந்து கதைத்தால் தொற்றுமா? வீட்டில் விடமாட்டார்கள்.

பதில்: தொற்றாது. அவர் தரும் தேத்தண்ணியை வாங்கிக் குடியுங்கள், அவர் அதைத்தான் கவனிப்பார். தகப்பன் எய்ட்ஸில் இறந்தார் என்ற வதந்திக்கே குளியாப்பிட்டியவில் ஒரு சிறுவனைப் பள்ளிக்கூடங்கள் சேர்க்கவில்லை, 2016இல் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, அந்த வருடமே அவன் படிப்பு மீண்டது. வீட்டாருக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி (மாங்குளம்): மருந்தின் பக்கவிளைவுகள்?

பதில்: கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள்.