துணியும் கோடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது இருபத்தொன்று. உயர்தரத்தில் சித்திரம் படித்தேன். அம்மாவின் தையல் மெஷினில் அயலவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். அண்மையில் முதன்முறையாகக் கொழும்புக்குச் சென்று ஓர் ஓவியக் கண்காட்சியையும் பெயர் பெற்ற சில ஆடைக் கடைகளையும் பார்த்தேன். ஒரு கடையில் சட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்தபோது பணியாளர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வெளியே வந்துவிட்டேன். இணையத்தைப் பார்த்து வரைந்த நீண்ட கவுன்கள் நிறைந்த கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது; அதைத் திறக்கவே இப்போது மனம் வரவில்லை. ஆடை வடிவமைப்பாளராக வேண்டுமானால் திருகோணமலையை விட்டுப் போகத்தான் வேண்டுமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள சகோதரி, அந்தக் கடைக்கு நீங்கள் மறுபடியும் போக வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். ஆடை வடிவமைக்க விரும்பும் ஒருவர் துணியைத் தொட்டுப் பார்க்காமல் வேறு எதைச் செய்வது? அடுத்த முறை சட்டையின் உட்புறத்தையும் திருப்பிப் பாருங்கள். தையலோரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், ஓரம் பிரியாதிருக்க ஓவர்லொக் அடித்திருக்கிறார்களா அல்லது மடித்து உள்ளே மறைத்துத் தைத்திருக்கிறார்களா, கோடு போட்ட துணியானால் பக்கத் தையலில் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கவனித்தால், அந்த விலையில் உழைப்புக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்பதை நீங்களே மதிப்பிட்டுவிடலாம். மெஷினில் கை பழகிய உங்களுக்கு இந்தக் கண் ஏற்கெனவே உண்டு. எந்த மொழியில் கேட்டாலும், "பார்க்கிறேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு அமைதியாகப் பார்க்கலாம்; அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கொழும்பின் பெரிய பெயர்களும் கைவினையிலிருந்து எழுந்தவைதாம். பார்பரா சன்சோனி 1964 இல் தொடங்கிய பெயார்ஃபூட் நிறுவனம், பெண்கள் கைத்தறியில் நெய்த துணியை நம்பியே வளர்ந்தது. உருக்கிய மெழுகால் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, பின்னர் மெழுகை நீக்கும் பத்திக் கலைக்கு நம் நாட்டில் புது மதிப்புத் தேடித் தந்த ஈனா டி சில்வா (1922–2015), கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் உட்கூரைக்கே பத்திக் துணியால் அழகு சேர்த்தார். நூலையும் சாயத்தையும் அருகிருந்து அறிந்ததால்தான் இந்த இருவராலும் புதிதாகச் சிந்திக்க முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நமக்கோ, மட்டக்களப்பைத் தாண்டினால் மருதமுனையில் தறிகள் இருக்கின்றன. கொழும்பை விட அவை அருகில். நீளவாக்கு நூலான பாவு ஓடுவதையும் ஊடை நூல் குறுக்கே பாய்வதையும் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவருக்குக் கடையில் மடித்து வைத்த சாரம் கூட வேறு விதமாகத் தெரியும்.

இனி அந்தக் கொப்பி. அதை எறிய வேண்டாம், மூடி வைத்துவிட்டு வேறொன்று தொடங்குங்கள். அதிலுள்ள கவுன்கள் குளிரூட்டிய மண்டபத்தில் சில மணி நேரம் நிற்கும் ஒருவருக்கானவை. அவற்றை அணியப்போகிறவரை நீங்கள் சந்தித்ததே இல்லை. பாடசாலை தொடங்குமுன் காலையில் என்.சி. வீதியோரம் நின்று பாருங்கள். சாறியின் கொசுவத்தை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி, முந்தானையை இடுப்பில் செருகி, ஊக்குக் குத்தி, தலைக்கவசத்தோடு ஸ்கூட்டியில் விரையும் ஆசிரியைகளையும், அபாயாவின் கீழ் விளிம்பு சக்கரத்தில் சிக்காதபடி ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் அமர்ந்து செல்லும் பெண்களையும் காண்பீர்கள். கடற்காற்று துணியை ஒரு பக்கம் இழுக்கிறது, வியர்வை முதுகில் ஒட்டுகிறது. இந்தப் பெண்களுக்கு நேர்த்தியும் பாதுகாப்பும் ஒன்றாக அமைந்த ஆடையை யார் யோசிக்கிறார்கள்? இதையே உங்கள் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்காரும்போது இடுப்பின் சுற்றளவு கூடுவதால், நின்றபடி எடுத்த அளவில் இறுக்கமாக வெட்டிய பாவாடை ஸ்கூட்டியில் ஏறியதும் இழுக்கும். ஆகவே இருந்தபடியும் அளவெடுங்கள். பழைய பருத்திச் சாரமொன்றை எடுத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பாருங்கள், அவ்வளவாக அசையாது; மூலைவாட்டில் இழுத்தால் இளகி நீளும். இந்த இளக்கத்தை எங்கே பயன்படுத்துவது, எங்கே தவிர்ப்பது என்பதை அறிவது வெட்டுக் கலையில் பெரும்பகுதி. பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் கசங்கும். பொலியெஸ்டர் கசங்காது, ஆனால் புழுங்கும். பெரியகடைப் பக்கம் சாறிச் சட்டை தைக்கும் அனுபவசாலி ஒருவரிடம் சில காலம் கையுதவியாக இருக்க இடம் கேளுங்கள். கைக்குழி வெட்டப்படும் வளைவு ஒன்றே உடலைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லித்தரும்.

திருகோணமலையிலேயே இருந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. செய்து பார்த்த இரண்டொரு ஆடைகளையும் தீராத கேள்வியொன்றையும் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு இரவு ரயிலில் ஏறுங்கள். 2019 இல் தொடங்கப்பட்ட நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் விளக்கக் குறிப்புகளைத் தமிழிலும் வாசிக்கலாம். 1993 முதல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடந்துவரும் கலா பொல என்ற ஓவியச் சந்தையில் ஓவியர்கள் தத்தம் படங்களுக்கருகில் அமர்ந்திருப்பார்கள். என்ன வர்ணம், எவ்வளவு நாள் பிடித்தது, ஏன் இந்த விலை என்று அவர்களிடமே கேட்கலாம். பின்னர் அந்த ஊரில் தங்குவதா, திரும்புவதா என்பதை உங்கள் வேலை எதைக் கேட்கிறதோ அதை வைத்துத் தீர்மானியுங்கள்.

கேள்வி: பிரெட்ரிக் கோட்டை வாசலில் உள்ள இரட்டை மீன் சின்னத்தை ரீ-சேர்ட்டில் அச்சிட்டு விற்க விரும்புகிறேன். இணையத்தில் நல்ல படம் கிடைத்தது. சட்டச் சிக்கல் வருமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: நூற்றாண்டுகள் பழைமையான செதுக்கலுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால், அதை ஒருவர் எடுத்த நிழற்படத்துக்கு உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொதுவாக ஒரு படைப்பின் உரிமை படைத்தவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஆகவே இணையப் படத்தை விட்டுவிட்டு, நேரில் போய் நின்று நீங்களே வரையுங்கள். கல்லின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்க வேண்டாம். அது காக்கப்பட வேண்டிய தொன்மைச் சின்னம். உங்கள் கையால் வரையும்போது மீனின் வளைவில் எதை வைப்பது, எதை விடுவது என்று நீங்கள் முடிவெடுப்பீர்கள், அந்த முடிவுகளால்தான் அது உங்கள் வடிவமாகிறது. பாண்டியர் சின்னமாகக் கருதப்படுவதும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ளதுமான அடையாளம் என்பதால், அதன் கதையைச் சிறு அட்டையில் எழுதிச் சட்டையோடு இணைத்துக் கொடுத்தால் வாங்குபவர் மதிப்பார்.

புதிய வடிவமொன்றைக் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவு செய்ய எண்ணினால், சந்தைக்கு விடுமுன் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். மேலும் இருமுறை புதுப்பிக்கலாம்.

கேள்வி: என் மகன் கைபேசியிலேயே கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் சுவரொட்டி செய்கிறான். வடிவமைப்புப் படிக்க வேண்டும் என்கிறான். எங்கே படிக்கலாம்?
— தந்தை, உவர்மலை

பதில்: ஐயா, மகனின் விருப்பத்துக்கு இடம் கொடுங்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக்கும் ஆடை வடிவமைப்புக்கும் பட்டப்படிப்புகள் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலையும் கற்கலாம். அதுவரை, நிலாவெளி வீதியில் உள்ள போர் வீரர் மயானத்துக்கு அவரை ஒரு மாலை அழைத்துச் செல்லுங்கள். பதவியில் உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடுகல், ஒரே ஒழுங்கில் எழுத்து. பெயருக்கும் நாளுக்கும் இடையே விடப்பட்ட வெளியைக் கொப்பியில் அளந்து வரையச் சொல்லுங்கள். சுவரொட்டியில் எழுத்துகளை நெருக்கித் திணிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தால் அது தானாகக் குறையும்.

இந்தப் படிப்புகளுக்கு உயர்தரப் பெறுபேற்றில் வரும் இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்பு அல்லது செயன்முறைப் பரீட்சையிலும் தேற வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே கோருவதால், உயர்தரப் பரீட்சை முடிந்த நாளிலிருந்தே அறிவித்தல்களைக் கவனித்து வாருங்கள்.