ஐயர் இல்லாத கல்யாணம் வேறு, மதம் இல்லாத கல்யாணம் வேறு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நாங்கள் இருவரும் இந்துக்கள். ஐயர், ஓமம், தாலி எதுவும் வேண்டாம், மாலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். 'நாளைக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டால்?' என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். (வாசகி, விருதுநகர்)

தாராளமாகச் செல்லும். ஆனால் பெரியவர்களின் பயம் காரணமில்லாதது அல்ல. ஓமமும் சப்தபதியும் (தீயின் முன் ஏழு அடி எடுத்து வைக்கும் சடங்கு) இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமையே கேள்விக்குள்ளானது. 1967-ல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்துதான் இந்த அநீதியைத் தீர்த்தது. 1968 ஜனவரி 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் நடந்த திருமணங்களையும் அது காப்பாற்றியது.

உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் மூன்றில் ஒன்று நடந்தால் போதும்: ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்வது, மாலை மாற்றுவது அல்லது மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது. இருந்தாலும் உறுதிமொழியை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "... ஆகிய நான், ... அவர்களை என் கணவராக ஏற்கிறேன்" என்று இருவருக்கும் புரிகிற மொழியில் ஒரே வரி போதும். அதை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, கூட இருந்தவர்களிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். மாலை மாற்றும்போது எடுத்த படம் நிச்சயதார்த்தப் படம் என்று பின்னாளில் யாராவது வாதாடலாம். உறுதிமொழி பதிவான வீடியோ இருந்தால் அந்த வாதம் எடுபடாது.

ஊரைக் கூட்ட வேண்டும் என்பதுகூட இல்லை. பகிரங்கமாக அறிவிக்கத் தேவையில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இடறுவது இரண்டு இடங்களில். ஒன்று, எந்தச் சடங்கும் செய்யாமல் நேரே சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது. இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு என்பது ஏற்கெனவே நடந்த திருமணத்துக்கான சான்றுதான், அதுவே திருமணம் ஆகாது. 2024-ல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. மற்றொன்று, 7-ஏ தமிழ்நாட்டுத் திருத்தம் என்பதை மறப்பது. பெங்களூரிலோ மும்பையிலோ மண்டபம் எடுத்துவிட்டு அதை நம்பாதீர்கள்.

திருமணம் முடிந்து 90 நாளுக்குள் பதிவு செய்யுங்கள், 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். அழைப்பிதழ், மண்டப ரசீது, படங்கள் கையில் இருக்கட்டும். அழைப்பிதழில் உள்ள பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே அச்சாகியிருக்கிறதா என்று அடிக்கும் முன்பே பாருங்கள்.

நான் இந்து, அவர் கிறிஸ்தவர். யாரும் மதம் மாறப் போவதில்லை. சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாமா? (வாசகர், நாகர்கோவில்)

மேடையில் செய்யலாம், சட்டத்தில் அது நிற்காது. 7-ஏ இரண்டு இந்துக்களுக்கு மட்டுமே. புரோகிதரை விலக்கினாலும் அது இந்துச் சட்டத்தின் கூரைக்குள் நடக்கும் திருமணம்தான். உங்களுக்கு உரியது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.

இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாளாவது தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அங்கே உள்ள திருமண அலுவலரிடம், மணக்கப் போகிறோம் என்று அறிவிப்புக் கொடுத்தால் அதை அவருடைய அலுவலகத்தில் ஒட்டுவார்கள். 30 நாள் கழித்து, 3 சாட்சிகளோடு போய் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திடலாம். அறிவிப்புக் கொடுத்து 3 மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வயது குறைவு, ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, சம்மதம் தரும் மனநிலை இல்லாதது, விலக்கப்பட்ட உறவு ஆகியவைதான் ஆட்சேபணைக்கு இடம் தருபவை. சாதியும் மதமும் அந்தப் பட்டியலில் இல்லை. மனம் ஒத்த இருவரின் முகவரியை ஒரு மாதம் சுவரில் ஒட்டி வைப்பது கொடுமை. அது நீங்க வேண்டும். நீங்கும் வரை, ஆபத்து இருக்கும் என்று தோன்றினால் அறிவிப்புக் கொடுக்கும் முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

(ஒரே மதத்தவர் சிலரும் கொள்கைக்காக இந்தச் சட்டத்தைத் தேர்கிறார்கள். அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் மூவருமே இதன் விலக்கப்பட்ட உறவுப் பட்டியலில் இருக்கிறார்கள். மாநில அரசு அறிவிக்கை மூலம் ஏற்ற வழக்கம் மட்டுமே விதிவிலக்கு. இந்துத் திருமணச் சட்டத்திலோ, வழக்கம் இருந்தாலே போதும்.)

பலர் கவனிக்காதது சொத்து. இந்து ஒருவர் வேற்று மதத்தவரை இந்தச் சட்டப்படி மணந்தால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். அவர் சொத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்துவிடும். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் இருக்க, உயில் எழுதாமல் ஒருவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் தலைக்குக் கால் பங்கு. இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. தாய்க்கு ஒன்றும் கிடையாது. அம்மா உங்களை நம்பி இருக்கிறார் என்றால் திருமணம் முடிந்த கையோடு உயில் எழுதுங்கள். 2 சாட்சிகள் வேண்டும், பத்திரப்பதிவு கட்டாயமில்லை. சாட்சிக் கையெழுத்துப் போடுபவர் பெயரில் அந்த உயிலில் எதையும் எழுதாதீர்கள்.

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். சாதி, மதக் கட்டங்களைக் காலியாக விடலாமா? விட்டால் அவள் மதமற்றவள் ஆகிவிடுவாளா? (வாசகி, திருச்சி)

விடலாம். 1973-லும் 2000-லும் வந்த அரசாணைகள் இதை அனுமதிக்கின்றன. பள்ளியில் மறுத்தால் 'சாதி, மதம் குறிப்பிட விருப்பமில்லை' என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு இடஒதுக்கீடு கேட்க வேண்டுமானால் சாதிச் சான்றிதழ் தேவைப்படும். அது இல்லாவிட்டால் பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். இதைத் தெரிந்தே முடிவெடுங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், ஆக மாட்டாள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2-வது பிரிவு இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியரோடு நிற்பதில்லை. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்றவர்களையும் பொதுவாக அதுவே ஆளுகிறது. கட்டம் காலியாக இருந்தாலும் உங்கள் சொத்தில் அவளுக்கு உள்ள மகள் பங்கு அப்படியே இருக்கும்.