போன் ஏன் இடது காதுக்கு மாறியது?

கேள்வி: எனக்கு 46 வயது. ஓராண்டாக வலது காதில் இரைச்சல் கேட்கிறது. கடந்த நான்கு மாதங்களில் மூன்று முறை அறையே சுழல்வதுபோல் தலைசுற்றி, இரண்டு மணி நேரம் வரை நீடித்தது, வாந்தியும் வந்தது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் சமாளித்துவிட்டேன். மன உளைச்சல்தான் காரணம் என நினைக்கிறேன். போனை இப்போதெல்லாம் இடது காதில் வைத்துப் பேசுகிறேன் என்பதைத் தவிர வேறு சிரமம் இல்லை. இரைச்சலுக்கும் தலைசுற்றலுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: வேறு சிரமம் இல்லை என்று எழுதிய அந்த வரியிலேயே பெரிய சிரமத்தைச் சொல்லிவிட்டீர்கள். பல ஆண்டுகள் பழகிய காதை விட்டு யாரும் காரணமில்லாமல் போனை மாற்றுவதில்லை. வலது காதில் பேச்சு தெளிவாக விழவில்லை என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது, நீங்கள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. இரைச்சல் உள்ள அதே காதில் கேட்கும் திறனும் குறைந்து, மணிக்கணக்கில் தலையும் சுற்றும்போது, மன உளைச்சல் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பொறுப்பின்மை.

தொடர்பு உண்டு. ஒலியை உணரும் நத்தை வடிவ உறுப்பும், தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாய்களும் உட்செவிக்குள் ஒன்றோடொன்று இணைந்தவை. அவற்றுக்குள் நிறைந்திருப்பது ஒரே திரவம், இரண்டின் செய்தியையும் மூளைக்குக் கொண்டுபோவது எட்டாவது மூளை நரம்பு. அந்தத் திரவம் மிகுந்து உட்செவி வீங்கும் மெனியர் நோயில் காதடைப்பு, இரைச்சல், கூடிக் குறையும் செவித்திறன் ஆகியவற்றோடு, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் தலைசுற்றலும் விட்டுவிட்டு வரும். மூளைக் கோளாறு என்று கருதப்பட்டுவந்த இத்தகைய தலைசுற்றல் காதிலிருந்தே வரக்கூடும் என்று பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியர் 1861-இலேயே எடுத்துச் சொன்னார். படுக்கையில் புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும் சுற்றல் வேறு வகை; அதில் பொதுவாக இரைச்சல் இராது.

உங்களுக்கு வந்திருப்பது மெனியர்தான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் மட்டும் இரைச்சலும் செவித்திறன் குறைவும் இருந்தால், அந்த எட்டாவது நரம்பில் மெல்ல வளரும், புற்றுநோய் வகையைச் சேராத கட்டியும் காரணமாகலாம். ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். செவித்திறன் திடீரென்று இன்னும் குறைந்தால் அன்றே ஓடுங்கள்; நாள் கடந்தால் மருந்தின் பலன் குறைந்துவிடும்.

அடுத்தது, அந்தப் பொய். மனைவி பயந்துவிடுவார் என்று மறைத்திருப்பீர்கள். பழியை அவர் சமைத்த சாப்பாட்டின் மேல் போட்டிருக்கிறீர்கள். குடும்பத்தைக் காப்பது என்றால் உடம்பின் கோளாறை மறைப்பது என்று நினைக்கும் ஆண்கள் எழுதிய கடிதங்களை நிறையப் படித்துவிட்டேன், எனக்கு இரக்கம் வருவதில்லை. தலை சுற்றும் நேரத்தில் உங்கள் கண்மணிகள் ஒரு பக்கமாகத் துடிக்கின்றனவா, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று அருகில் இருப்பவரால்தான் பார்க்க முடியும். அதைப் போனில் படமெடுத்துக் காட்டினால் மருத்துவருக்குப் பெரிய உதவி. இன்றே மனைவியிடம் உண்மையைச் சொல்லி, மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம், பின்னால் பிள்ளைகளை உட்காரவைத்து ஒருபோதும் வேண்டாம்.