எழுத்து மங்கினால் ஹெட்செட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஐயா, நான் பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராகப் பணிபுரிகிறேன். கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டுதான் என் பொழுதுபோக்கு. மூன்று ஆண்டுகளாக மெட்டா குவெஸ்ட் 2 என்ற, கண்ணை மூடி அணியும் வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டைக் கேபிள் மூலம் கணினியுடன் இணைத்துப் பயன்படுத்தி வருகிறேன். கணினியில் ஆர்.டி.எக்ஸ். 3060 கிராஃபிக்ஸ் கார்டும் 550 வாட் பவர் சப்ளையும் உள்ளன. கடலைத் தாண்டி வந்து பினாங்கு விமான நிலையத்தில் இறங்கும்போது வெளிக்காட்சி அழகாகவே இருக்கிறது. ஆனால் விமானியறைக் கருவிகளில் உள்ள சிறிய எண்களைப் படிக்க ஒவ்வொரு முறையும் தலையை முன்னால் நீட்ட வேண்டியிருக்கிறது. கண் ஒன்றுக்கு 2880×2880 பிக்சல் கொண்ட புதிய ஹெட்செட் ஒன்றை 4,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருவதாக இணைய விற்பனையாளர் ஒருவர் கூறுகிறார். ஆண்டிறுதி போனஸ் கையில் இருக்கிறது. “பறக்காத விமானத்துக்கு இவ்வளவு செலவா?” என்று மனைவி கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம் என்பதே என் பதில்; எப்போதுமே வேண்டாம் என்பதன்று. உங்கள் கடிதத்தில் கணினியைப் பற்றி எழுதியிருக்கும் ஒரே வரிதான் என்னை இப்படிச் சொல்ல வைக்கிறது. ஹெட்செட் பெட்டியின் மீது அச்சிட்டிருக்கும் பிக்சல் எண்ணிக்கை, அந்தத் திரையால் எவ்வளவு காட்ட முடியும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதை நிரப்பும் படத்தை நொடிதோறும் வரைந்து கொடுக்க வேண்டியது உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு. ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன், எண்கள் மங்குவது திரையாலா, லென்ஸாலா, கேபிளாலா, கார்டாலா என்பதைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

குவெஸ்ட் 2-இன் திரை கண் ஒன்றுக்கு 1832×1920 பிக்சல் கொண்டது. கணினி அதே அளவில் படத்தை வரைந்து அனுப்பினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், போதாது. ஹெட்செட்டின் லென்ஸ் படத்தின் ஓரங்களை வெளிப்புறமாக இழுத்துவிடும் என்பதால், அதை ஈடுகட்ட மென்பொருள் முன்கூட்டியே படத்தைப் பீப்பாயைப் போல் உப்பலாக வளைத்து வைக்கிறது. அப்படி வளைக்கும்போது நடுப்பகுதி பெரிதாக்கப்படுகிறது. அந்த நடுப்பகுதியில் திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் உண்மையான விவரம் கிடைக்க வேண்டுமானால், மூலப்படம் திரையைவிடப் பெரிதாக வரையப்பட வேண்டும். குவெஸ்ட் 2-க்கு அந்த அளவு இரு கண்களுக்கும் சேர்த்து 5408×2736, அதாவது திரையின் சொந்தப் பிக்சல்களைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேல். உங்கள் கார்டின் வலிமையைப் பார்த்து, இணைப்பு மென்பொருள் இதைவிடக் குறைந்த அளவைத் தானாகவே தேர்ந்தெடுத்திருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு மேல், குவெஸ்ட் 2-க்குக் கேபிள் வழியாகச் செல்வது கணினித் திரைக்குச் செல்வது போன்ற நேரடிப் படமன்று. வீடியோவைப் போல் சுருக்கி அனுப்பப்பட்டு, ஹெட்செட்டுக்குள் மீண்டும் விரிக்கப்படும் படம். சுருக்கும்போது முதலில் அடிபடுவது மெல்லிய கோடுகளும் சிறிய எழுத்துகளுமே.

எனவே இப்படிச் செய்து பாருங்கள். விமானத்தை ஓடுதளத்தின் முனையில் நிறுத்தி வைத்துவிட்டு, இணைப்பு மென்பொருளில் படத்தின் அளவை உச்சத்துக்கு ஏற்றுங்கள். சுருக்கத்தின் பிட்ரேட்டையும் (நொடிக்கு அனுப்பப்படும் தரவின் அளவு) உயர்த்துங்கள். டி.எல்.எஸ்.எஸ். போன்ற, சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் போட்டிருந்தால் அதை அணைத்துவிடுங்கள். விமானியறையின் மின்திரை எண்களை அது கலங்கலாக்கிவிடும் என்பது இந்த விளையாட்டில் ஊறியவர்கள் அனைவரும் அறிந்ததே. படம் விட்டுவிட்டு ஓடும். பரவாயில்லை, விமானம் நின்றுகொண்டுதானே இருக்கிறது. இப்போது தலையை நீட்டாமல் எண்களைப் படிக்க முடிகிறதா? முடிந்தால், உங்கள் ஹெட்செட்டின் மீது குற்றமில்லை. அதற்குத் தேவையான படத்தை வரைந்து கொடுக்க உங்கள் கார்டுக்குத் தெம்பில்லை. அந்த நிலையில் புதிய ஹெட்செட்டை வாங்குவது, அரைபடாத மாவுக்குக் கிரைண்டரை விட்டுவிட்டுத் தோசைக்கல்லை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

மற்றொன்றையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். குவெஸ்ட் 2-இல் லென்ஸ்களுக்கு இடையிலான தூரத்தை 58, 63, 68 மில்லிமீட்டர் என்ற மூன்று நிலைகளில் மட்டுமே வைக்க முடியும். உங்கள் கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தை எந்த மூக்குக்கண்ணாடிக் கடையிலும் அளந்து சொல்வார்கள். அது 65 அல்லது 66 என்று வந்தால், நீங்கள் இரண்டு நிலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மங்கலில் ஒரு பங்கு அங்கிருந்தும் வரலாம்.

எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்த பிறகும் எண்கள் மங்கலாகவே இருந்தால், அப்போது திரையின் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்று கொள்ளலாம். ஆனால் அந்த 2880 என்ற எண்ணிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? திரையில் மொத்தம் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதைவிட, பார்வையின் ஒரு பாகைக்குள் எத்தனை பிக்சல் விழுகிறது என்பதே படிப்பதற்கு முக்கியம். இயல்பான பார்வையுள்ள கண் பாகைக்கு ஏறத்தாழ 60 பிக்சல் வரை பிரித்தறியும். குவெஸ்ட் 2-இல் அது சுமார் 20, அதன் அடுத்த தலைமுறையான குவெஸ்ட் 3-இல் 25. கண் ஒன்றுக்கு 2880×2880 கொண்ட பிமேக்ஸ் கிரிஸ்டல் லைட் என்ற ஹெட்செட்டுக்கு 35 என்று அந்நிறுவனமே குறிப்பிடுகிறது. மேசையில் 24 அங்குல முழு எச்.டி. கணினித் திரையை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 38 வரும். கணக்கைப் போட்டபோது எனக்கே சற்று வியப்பாக இருந்தது. நீங்கள் ஆசைப்படும் ஹெட்செட், பத்தாண்டுகளுக்கு முன் அலுவலகங்களில் கிடந்த சாதாரணத் திரையின் கூர்மையை இன்னும் எட்டவில்லை. அந்தப் பிக்சல்கள் கண்ணைச் சுற்றி நூறு பாகை அகலத்துக்குப் பரத்தப்பட்டிருப்பதே காரணம். இதை அதன் குறையாகச் சொல்லவில்லை. 20-இலிருந்து 35 என்பது பெரிய தாவல். எண்களைப் படிப்பதில் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். கண்ணாடி போல் துல்லியமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வாங்கினால்தான் ஏமாற்றம்.

அந்தத் தாவலுக்கு விலை கொடுக்க வேண்டியது உங்கள் கார்டு. 2880-ஐ 2880-ஆல் பெருக்கினால் 82,94,400. ஒரு 4கே தொலைக்காட்சித் திரையின் 3840×2160 பிக்சல்களும் கூட்டிக் கழித்தால் சரியாக இதே எண்தான். கண்கள் இரண்டு என்பதால் இரண்டு 4கே திரைகள். லென்ஸ் வளைவுக்காக மேலும் கூடுதலாக வரைய வேண்டும். நொடிக்கு 90 பிரேம் (படம்) என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் 11.1 மில்லிநொடி. 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060, 1080பி (முழு எச்.டி.) திரையில் விளையாடுபவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட கார்டு. விமான விளையாட்டோ கார்டை மட்டுமன்றிக் கணினியின் செயலியையும் சேர்த்துப் பிழியக்கூடியது. தலையைத் திருப்பும்போது படம் பின்தங்கினால், எண்கள் தெளிவாக இருந்தும் பயனில்லை. பத்து நிமிடத்தில் வயிற்றைப் புரட்டும். அதைத் தவிர்க்க நீங்கள் படத்தின் அளவைக் குறைப்பீர்கள்; கடைசியில் உயர்ந்த திரையில் தாழ்ந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்போதும் பிக்சல்களுக்கு இடையே தெரியும் வலைக்கண் போன்ற தோற்றம் மறைந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் குறை அதுவன்றே.

கார்டையும் மாற்றிவிடலாம் என்றால், கணக்கு அதோடு நிற்காது. 3060 இழுப்பது 170 வாட், ஆர்.டி.எக்ஸ். 4080 வகையைச் சேர்ந்த கார்டு 320 வாட் இழுக்கும், அதற்கு 750 வாட் பவர் சப்ளை பரிந்துரைக்கப்படுகிறது. உங்களிடம் இருப்பது 550. ஆக 4,800 வெள்ளி என்பது முழு விலையன்று, முதல் தவணை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியிடம் சொல்லும்போது மூன்று பொருள்களின் விலையையும் சேர்த்தே சொல்லிவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3, கண் ஒன்றுக்கு 2064×2208 பிக்சல் கொண்டது; எண்ணிக்கையில் உங்களுடையதைவிட 30 விழுக்காடுதான் அதிகம். காகிதத்தில் அற்பமாகத் தெரியும் இந்த வேறுபாட்டைவிட, அதன் லென்ஸே உங்களுக்குப் பயன்படும். குவெஸ்ட் 2-இல் உள்ள ஃபிரெனல் லென்ஸ் நடுவில் மட்டும் தெளிவு காட்டி ஓரங்களில் கரைந்துவிடும். அதனால்தான் கண்ணைத் திருப்புவதற்குப் பதிலாகத் தலையையே திருப்ப வேண்டியிருக்கிறது. குவெஸ்ட் 3-இன் பான்கேக் லென்ஸ் ஏறத்தாழ ஓரம் வரை ஒரே தெளிவைக் காட்டுகிறது. தலை நேராக இருக்க, கண்ணை மட்டும் தாழ்த்திக் கருவியைப் பார்த்துவிட்டு மீண்டும் ஓடுதளத்தைப் பார்க்கலாம். விமானம் ஓட்டுபவருக்கு இது பிக்சல் எண்ணிக்கையைவிடப் பெரிய ஆதாயம் என்பது என் கருத்து. லென்ஸ் தூரத்தையும் சிறு சக்கரத்தைத் திருகி உங்கள் கண்ணுக்குப் பொருத்திக்கொள்ளலாம். சுருக்கப்பட்ட படம் என்ற குறை இதிலும் தொடரும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள்: 2024-இல் வந்த குவெஸ்ட் 3எஸ் என்பது பெயரில் ஓர் எழுத்துதான் வேறு, திரையும் லென்ஸும் குவெஸ்ட் 2-இன் வகையே. அதன் செயலி புதிது, ஆனால் உங்கள் மங்கலை அது தீர்க்காது.

விற்பனையாளரைப் பற்றியும் சில சொற்கள். கைத்தொலைபேசி வாங்கும்போது நாம் கேட்கும் “ஏ.பி. செட்டா, மலேசியா செட்டா?” (தனியார் இறக்குமதியா, அதிகாரபூர்வ விற்பனையா) என்ற கேள்வியை இங்கேயும் கேளுங்கள். உத்தரவாதம் தருவது தயாரிப்பாளரா, விற்பவரா, பழுதானால் பொருளை எந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சொன்ன விலை முழு விலைதானா, அல்லது ஹெட்செட்டுக்கு ஒரு பகுதியும் மென்பொருள் சந்தாவுக்கு மறுபகுதியும் தனித்தனியாகச் செலுத்த வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இந்தத் துறையில் அப்படிப் பிரித்து விற்கும் வழக்கம் உண்டு. விற்பனையாளர் மலேசியாவில் தொழில் நடத்துபவராக இருந்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும்; 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், மூன்று ஆண்டுகளுக்குள் பதிவு செய்யலாம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றுவது வேறு கதை.

எந்த ஹெட்செட் ஆனாலும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் வழியாக விழும் வெயில் சில நிமிடங்களில் திரையைச் சுட்டுவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காதிருக்க, கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்று இருந்தால் நல்லது.

கேள்வி: கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறேன். எச்.பி. ரிவெர்ப் ஜி2 ஹெட்செட் ஒன்றைத் தனிநபர் ஒருவர் 700 வெள்ளிக்கு விற்கிறார். கண் ஒன்றுக்கு 2160×2160 பிக்சல். கேபிள் வழியாக நேரடிப் படம். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதால் உடனே வாங்கிவிடத் தோன்றுகிறது. சரியா?

பதில்: மலிவுக்குக் காரணம் ஹெட்செட்டில் இல்லை, விண்டோஸில் இருக்கிறது. ரிவெர்ப் ஜி2 இயங்குவது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருளின் மீது. அதைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்து, 2024-இல் வெளியிட்ட விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து நீக்கியும்விட்டது. திரையும் லென்ஸும் பழுதின்றி இருந்தாலும், புதுப்பித்த கணினியில் செருகினால் அந்த ஹெட்செட் காகிதம் பறக்காமல் வைக்கும் வெறும் எடைக்கல்லுக்குச் சமம். என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்காக ஆர்வலர் ஒருவர் எழுதி இலவசமாக வெளியிட்ட டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) ஒன்று அதற்கு மீண்டும் உயிர் கொடுத்திருக்கிறது. அதனால் முற்றிலும் குப்பை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தனி ஒருவரின் உழைப்பை நம்பி வாங்குகிறீர்கள், விண்டோஸின் அடுத்த புதுப்பிப்பில் அது நின்றுபோனால் யாரையும் கேட்க முடியாது. தொழிலாக விற்காத தனிநபரிடம் வாங்குவதால், மேலே சொன்ன நடுவர் மன்றமும் உங்களுக்குக் கதவு திறக்காது. உங்களிடம் என்விடியா கார்டு இருந்து, 700 வெள்ளி போனாலும் போகட்டும் என்ற மனமும் இருந்தால், உங்கள் கணினியை விற்பவரின் வீட்டுக்கே எடுத்துச் சென்று, அந்த டிரைவரைப் போட்டு, அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். அவர் தம்முடைய கணினியில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றால், அதில் உள்ள விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.