டெங்கு விழிப்புணர்வுப் பிரசாரம் பலன் தந்ததா என்று எப்படி அளப்பது?

எத்தனை துண்டறிக்கை அச்சடித்தார்கள் என்பது வெறும் செலவுக் கணக்கு. நூறு வீடுகளுக்கு, கொசுப்புழு உள்ள தொட்டி, குடம், டயர் எத்தனை என்று எண்ண வேண்டும். இதற்குப் பிரெட்டோ குறியீடு என்று பெயர். பிரசாரத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட வேண்டும். (ஐப்பசி மழையைச் சித்திரை வெயிலோடு ஒப்பிட்டு வெற்றி கொண்டாடக் கூடாது!)

மக்களுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2012இல் அன்றைய நெல்லை மாவட்டத்தில் டெங்கு கடுமையாக இருந்தது. மேலப்பாளையத்தில் பீடி சுற்றியபடியே ஓர் அம்மா, “தண்ணீரை மூடி வைக்க வேண்டும்” என்று மனப்பாடமாக ஒப்பித்தார். தொட்டிக்கு மூடியும் இருந்தது. ஆனால் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, தொட்டிச் சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.