ஒரே எடிட்டரில் ஐந்து ட்ராக்

கேள்வி: இரண்டு வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஐந்து மிடி ட்ராக் (ஒலியாக அல்ல, நோட்டுத் தகவலாகப் பதிவாவது). ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகளை, மாற்றக்கூட ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டியிருக்கிறது. ஒன்றாகத் திருத்த முடியாதா?

பதில்: முடியும். ஐந்து ட்ராக்கின் க்ளிப்பையும் (பதிவுத் துண்டு) சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு எடிட்டரைத் திறங்கள். க்யூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருளில் என்டர் தட்டினால் எல்லாம் ஒரே பியானோ ரோலில் (நோட்டுகளைக் கட்டங்களாகக் காட்டும் திரை) வரும். இன்னொரு மென்பொருளான ஏபிள்டன் லைவில் 10-ஆம் பதிப்பு முதல் எட்டு க்ளிப் வரை இப்படித் திறக்கலாம். முதல் காரியமாக நோட்டுகளின் நிறம் ட்ராக்கைக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எது வியோலா, எது செல்லோ என்று கண் தடுமாறும்.

ஸி மேஜரை ஏ மைனராக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸி, ஈ இரண்டும் அப்படியே நிற்கட்டும். ஜி எந்தெந்த ட்ராக்கில் இருக்கிறதோ, அவற்றை மட்டும் ஷிஃப்டை அழுத்தியபடி தேர்ந்தெடுத்து இரண்டு செமிடோன் (அரைச்சுரம்) ஏற்றுங்கள். பேஸ் ஸி-யிலேயே நின்றால் அது முதல் இன்வர்ஷன், அதாவது கார்டின் மூலச்சுரமான ஏ அடியில் இல்லாத அமைப்பு. ரூட் (அந்த மூலச்சுரம்) கீழே வர வேண்டுமானால் பேஸை மூன்று செமிடோன் இறக்குங்கள்.

வினை வருவது எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கக் கன்ட்ரோல்-ஏ அழுத்தும்போதுதான். திரைக்கு வெளியே இருக்கும் பார்களும் மற்ற ட்ராக்குகளும் சேர்ந்து சிக்கும். பார்க்க மட்டும் வேண்டிய ட்ராக் வேறு, திருத்த வேண்டியது வேறு. ரீப்பர் மென்பொருளில் எடிட்டரின் ட்ராக் பட்டியலிலேயே இரண்டையும் தனித்தனியாகக் குறிக்கலாம். க்யூபேஸில் 'எடிட் ஆக்டிவ் பார்ட் ஒன்லி' பட்டனைப் போட்டுவிட்டால் மற்ற பார்ட்டுகளில் கை படாது. நகலெடுத்த க்ளிப், மூலத்தோடு இணைந்த வகையா என்றும் பாருங்கள். ஒன்றில் திருத்தியது சத்தமில்லாமல் இன்னொன்றிலும் மாறியிருக்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் மொத்தமாகக் குவான்டைஸ் செய்தேன் (நோட்டுகளைத் தாளக் கிரிட்டில் ஒட்டவைத்தேன்). ட்ரம்ஸ் சரி, ஸ்ட்ரிங்ஸ் மட்டும் பின்தங்கி ஒலிக்கிறதே?

பதில்: ஸ்ட்ரிங்ஸின் அட்டாக், அதாவது ஒலி எழும் வேகம், மெதுவானது. வாசிப்பவர் அதைக் காதால் உணர்ந்து நோட்டைக் கொஞ்சம் முன்னாலேயே தொட்டிருப்பார். குவான்டைஸ் அந்த முந்தலை அழித்துவிட்டது. அன்டூ செய்து ட்ரம்ஸ், பேஸை மட்டும் முதலில் கிரிட்டில் வையுங்கள். ஸ்ட்ரிங்ஸுக்கு ஸ்ட்ரெங்த் (கிரிட்டை நோக்கி எவ்வளவு இழுப்பது என்ற அளவு) 50 சதவீதம் போதும். 120 டெம்போவில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். பீட்டைப் பிரிக்கும் சிறு அலகான டிக், பீட்டுக்கு 960 என்றால், 40 டிக் தள்ளியிருந்த நோட்டு 20-க்கு வரும். அதாவது பிழை சுமார் 21 மில்லிசெகண்டிலிருந்து 10-க்குக் குறையும். அப்படியும் இழுத்தால் நோட்டுகளைத் தொடாதீர்கள்; ட்ராக் டிலேயை (முழு ட்ராக்கையும் முன்பின் நகர்த்தும் அமைப்பு) -20, -30 மில்லிசெகண்ட் என்று மைனஸில் இறக்கிக் கேளுங்கள்.

கேள்வி: பியானோ நோட்டுகளை இரண்டு பார் தள்ளி வைத்ததும் ஒலி நிற்காமல் குழைகிறது. ஏன்?

பதில்: நோட்டு நகர்ந்தது, பெடல் பழைய இடத்திலேயே நிற்கிறது. சஸ்டெயின் பெடல் (நோட்டை நீட்டி ஒலிக்க வைப்பது) என்பது மிடியில் 64-ஆம் கன்ட்ரோலர்: மதிப்பு 64 முதல் 127 வரை அழுத்தம், 0 முதல் 63 வரை விடுதலை. விடுதலைப் புள்ளி தவறிய இடத்தில் எல்லா நோட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும். நோட்டுகளுக்குக் கீழே வரும் கன்ட்ரோலர் லேனைத் திறந்து அந்தப் புள்ளிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நகர்த்துங்கள். முழு க்ளிப்பையே தள்ளினால் இந்தத் தொல்லை இல்லை.