உப்புக்காற்றில் இசைத்தட்டு: படப்பாட்டுச் சேர்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

திருகோணமலையிலும் அயலிலும் படப்பாட்டு றெக்கோட், கசற், இறுவட்டு சேர்க்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் கீழே; ஒவ்வொன்றின் முன்னும் இருப்பது அனுப்பியவரின் இடம். "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று வந்தவற்றை எடுக்கவில்லை. ஒரு தட்டு அரிதா என்பதற்கு முதல் அது ஒழுங்காகப் பாடுமா என்றுதான் நான் பார்ப்பேன். பதில்களும் அந்தப் பக்கமே சாயும்.

உவர்மலை: அண்ணா, அப்பா சேர்த்த எல்பி (பெரிய இசைத்தட்டு) நூறு வரையில் கிடக்கு. கடல் பார்த்த வீடு. கவரெல்லாம் புள்ளி புள்ளியாப் பூஞ்சணம். எப்படி வைக்கிறது?

உப்புக்காற்று வினைல் தட்டை ஒன்றும் செய்யாது. கவரைக் கெடுப்பது ஈரம், பிளேயரைக் கெடுப்பதுதான் உப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தட்டுகளை நிறுத்தி வையுங்கோ. படுக்கப் போட்டு அடுக்கினால் அடியில் கிடப்பது வளையும், கவரில் வட்டமாகத் தேய்வு விழும். கவரோடு 100 எல்பி கிட்டத்தட்ட 25 கிலோ வரும். மெல்லிய பலகை நடுவில் தொய்ந்துவிடும், அதனால் ஓரடி தூரத்துக்கு ஒரு நிறுத்துப் பலகை வேண்டும். சரிந்து நிற்கவும் கூடாது, இறுகி நிற்கவும் கூடாது. இரண்டு விரலால் இழுத்தால் ஒரு தட்டு வரவேண்டும், அதுதான் அளவு. அலுமாரியை வாடைமழை அடிக்கிற வெளிச்சுவரோடு ஒட்டாமல் நாலு அங்குலம் விட்டு வையுங்கோ. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் கிழமைக்கு ஒருக்கால் கதவைத் திறந்து காற்றோட விடுங்கோ. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை போடுகிறவர்கள் அது நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சும்மா கிடக்கிற பைதான். கச்சான் காலத்தில் ஆபத்து வெயில். யன்னல் கண்ணாடியால் வெயில் விழுகிற இடத்தில் வைத்த தட்டு ஒரு பின்னேரத்திலேயே வளைந்துவிடும்.

பூஞ்சணம் பிடித்த கவரை வெளியே கொண்டுபோய், மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கோ. ஈரத்துணி படக்கூடாது, அச்சு போய்விடும். உள்ளுறைக் கடதாசியை எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கோ. அதில் படமோ பாட்டுப் பட்டியலோ அச்சடித்திருந்தால் மட்டும் தனியாக வையுங்கோ. தடித்த, ஒட்டுகிற மாதிரியான பிவிசி வெளியுறையில் தட்டைக் காலக்கணக்கில் விட்டால் தட்டின் மேல் பனிப்புகார் பிடித்தது போல மங்கல் வரும், அது கழுவினாலும் போகாது. பொலித்தீன் உறை போதும்.

இனிப் பிளேயர். ஒரு பக்கச் சத்தம் நின்று நின்று வருவதும், வயரைத் தொட்டால் கரகரப்பதும் இந்த ஊரில் பெரும்பாலும் ஊசியின் பிழையல்ல, இணைப்புகளில் பிடித்த கறள். கரண்டை நிற்பாட்டிவிட்டு, பின்பக்க வயர்களைச் செருகி நாலைந்து தரம் திருப்புங்கோ. காட்றிட்ஜ் (ஊசி பூட்டிய சின்னப் பெட்டி) பிடிக்கிற தலைப்பகுதி கழருவதாக இருந்தால், அதன் பின்னால் உள்ள நாலு சின்னப் பித்தளை முனைகளையும் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கோ. பாதிப் பேருக்கு இதோடு சரி.

கிண்ணியா: தட்டை வீட்டிலேயே கழுவலாமா? கிணற்றுத் தண்ணி பாவிக்கலாமா?

கழுவலாம், ஆனால் கிணற்றுத் தண்ணி வேண்டாம். காய்ந்தபிறகு அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் ஊசி ஓடும் கோட்டுக்குள் இருந்து கரகரக்கும். பற்றரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கோ. போத்தலை வடிவாகப் பாருங்கோ, பக்கத்திலேயே அசிட்டும் விற்பார்கள்.

வினைலுக்கு 800 மில்லிலீற்றர் தண்ணீரில் 200 மில்லிலீற்றர் ஐசோபுரோபைல் அல்ககோல், வாசமில்லாத பாத்திரம் கழுவும் திரவம் மூன்று துளி. முதலில் காய்ந்த தூரிகையால் தூசியை எடுத்துவிடுங்கோ. பிறகு நடு லேபல் நனையாமல் பார்த்து, மெல்லிய துணியால் கோட்டின் போக்கில் வட்டமாகத் துடையுங்கோ, குறுக்கே வேண்டாம். கடைசியில் வெறும் வடித்த தண்ணீரால் ஒருதரம் அலசுங்கோ. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். திரவம் கோட்டில் காய்ந்தால் ஊசி நுனியில் பசை மாதிரி உருளும். நிழலில் நிறுத்திக் காயவிட்டு, புது உள்ளுறையில் போடுங்கோ.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டில் அல்ககோல் ஒரு துளியும் படக்கூடாது. அது அரக்கில் செய்தது, கரையும். பாரமான, விழுந்தால் பீங்கான் போல உடைகிற 10 அங்குலத் தட்டு என்றால் வடித்த தண்ணீரும் ஒரு துளித் திரவமும் மட்டும்.

திருக்கடலூர்: கனடாவிலிருந்து மாமா பிளேயர் அனுப்பினவர். 110 வோல்ட்டுக்கு மாற்றி பூட்டித்தான் போடுறம். ஆனா பாட்டெல்லாம் இழுத்து, ஆம்பிளைக் குரல் மாதிரிக் கேக்குது. பெல்ட் மாத்தியும் சரிவரேல்ல.

பெல்ட்டில் பிழையில்லை. மாற்றி வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், சைக்கிளை (மின்சாரம் செக்கனுக்கு எத்தனை தரம் அலைகிறது என்பதை) மாற்றாது. அங்கே 60 சைக்கிள், இங்கே 50. ஏசி மோட்டர் சைக்கிளைப் பார்த்துத்தான் சுற்றும். ஆகவே நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று மேலாக இறங்கும்: ஒரு கட்டையில் பாடின பாட்டு கீழ் ஆறு கட்டையில் கேட்கும். சுசீலாவே சௌந்தரராஜன் மாதிரிக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கோ. "60" என்று மட்டும் போட்டிருந்தால் 50 சைக்கிளுக்கான கப்பி (மோட்டர் அச்சில் பெல்ட் ஓடும் சின்னச் சில்லு) தேவை. அது பழைய கப்பியை விட ஐந்தில் ஒரு பங்கு பருமன் கூடியதாக இருக்கும். அந்த மொடலுக்குக் கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் பித்தளையில் கடையலாம், ஆனால் அச்சு மயிரளவும் விலகக்கூடாது. "50/60" என்று இருந்தால் கப்பியிலோ அடியிலோ மாற்றும் வழி இருக்கும். டிசி மோட்டர் என்றால் இந்தக் கரைச்சலே இல்லை, சரியான அடப்டர் போதும்.

சரிபார்க்க, 180 கோடு கொண்ட ஸ்ட்ரோப் வட்டம் ஒன்றைக் கடதாசியில் அச்சடித்துத் தட்டின் மேல் வைத்து, பழைய குண்டு பல்ப் அல்லது டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கோ. 33⅓ சரியாகச் சுற்றினால் கோடுகள் அசையாமல் நிற்கும். சில எல்ஈடி பல்ப் மினுங்காது, அதில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அலஸ்தோட்டம்: பெரிய தட்டு ஒன்று 33இல் போட்டா இழுக்குது. மற்றதெல்லாம் சரியாப் பாடுது.

45இல் போடுங்கோ. 12 அங்குலம் எல்லாம் 33 அல்ல. இந்தியாவில் 45 சுற்றில் ஓடும் பெரிய தட்டுகளும் வந்தன. மறுவளமாக, "சூப்பர் 7" என்று போட்ட சின்னத் தட்டு 33இல் ஓடும். அளவைப் பார்க்காமல் லேபலைப் பாருங்கோ.

மூதூர்: புதுசா வாங்கின பிளேயரை ஹோம் தியேட்டர் அம்ப்பில் குடுத்தன். சத்தம் கொசு மாதிரி. பேஸே இல்லை.

காட்றிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதோடு தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். அதைத் திருப்பி எடுக்கிற போனோ பிரிஅம்ப் இடையில் வேண்டும். பிளேயரின் பின்பக்கம் "போனோ / லைன்" சுவிட்ச் இருந்தால் லைனுக்குத் தள்ளுங்கோ, காசு செலவில்லை. அம்ப்பில் போனோ துளை இருந்தால் சுவிட்சைப் போனோவிலேயே விட்டு அதில் குடுங்கோ. லைனில் வைத்துப் போனோ துளையில் குடுத்தால் சத்தம் வெடித்துக் கிழியும். "ம்ம்ம்" என்று இரைந்தால் பிளேயரிலிருந்து வரும் மெல்லிய தனி வயரை அம்ப்பின் தரைத் திருகாணியில் முடியுங்கோ.

அநுராதபுரச் சந்தி: சூட்கேஸ் பிளேயர் பழைய தட்டைக் கெடுக்குமா, அண்ணை? ஊசி எப்ப மாத்தோணும்?

அதிலுள்ள செராமிக் காட்றிட்ஜ் 5, 6 கிராம் பாரத்தில் ஊரும். புதுத் தட்டை ஒரு தரத்தில் கெடுக்காது. ஆனால் நல்ல நிலையில் கிடைத்த 1960கள், 70களின் தட்டை அதில் தினமும் போடுவது எனக்குச் சம்மதமில்லை. வேறு காட்றிட்ஜுகளில், ஓடியோ டெக்னிக்கா கம்பனியின் ஏடி 3600 எல் 2.5 முதல் 3.5 கிராம், விஎம் 95 ஈ 1.8 முதல் 2.2 கிராம். பாரம் குறைந்தால் நல்லது என்று நினைத்து இந்த அளவுக்குக் கீழே போகாதேங்கோ. ஊசி கோட்டுக்குள் துள்ளி, பாரம் கூடினதை விட மோசமாகச் சுரண்டும். பாய்கிற தட்டுக்காகப் பிளேயரின் ஊசிக் கையின் மேல் காசு வைக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கோ. பாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் தூசி, அல்லது மட்டமில்லாத மேசை.

வட்டமுனை ஊசிக்கு 500 மணித்தியாலம், நீள்வட்டமுனைக்கு 300 என்பது தயாரிப்பாளர் கணக்கு. நாளுக்கு ஒரு எல்பி, அதாவது 40 நிமிடம் கேட்டால் முதலாவது இரண்டு வருடம் வரும், மற்றது பதினைந்து மாதம். தட்டின் கடைசிப் பாட்டில் "ஸ" எழுத்து சீறத் தொடங்கினால் கணக்குப் பார்க்காமல் மாற்றுங்கோ. 78க்கு இந்த ஊசிகள் சரிவராது, அதன் கோடு அகலம். 3 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று) ஊசி தனியாக வாங்க வேண்டும்.

தம்பலகாமம்: றெக்கோடிங் பாரில் (பாட்டுப் பதிஞ்சு குடுக்கிற கடை) அடிச்ச கசற் ஐம்பது இருக்கு. சிலதில சத்தம் மூடின மாதிரி. சிலதில வெள்ளைத் தூள்.

வெள்ளைத் தூள் பூஞ்சணம். அந்தக் கசற்றை நல்ல டெக்கில் போடவே வேண்டாம், மற்றக் கசற்றுக்கும் பரவும். மலிவான பழைய செற் ஒன்றை இதற்கென்று ஒதுக்கி, நாடா ஓடும் வழியில் காய்ந்த பஞ்சில்லாத துணியைத் தொட்டும் தொடாமலும் பிடித்து, முன்னும் பின்னும் ஒருதரம் ஓட்டுங்கோ. பிறகு நாடாவை வாசிக்கிற ஹெட்டையும் றப்பர் உருளையையும் பட்ஸில் அல்ககோல் தொட்டுத் துடையுங்கோ.

மூடின சத்தத்துக்குக் காரணம் இரண்டு. கசற்றின் வாயைப் பாருங்கோ: நடுவில் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று மெல்லிய தகட்டில் ஒட்டியிருக்க வேண்டும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாடா ஹெட்டோடு அழுந்தாது, உச்ச ஒலி போய்விடும். வேண்டாத கசற் ஒன்றின் கூட்டுக்குள் நாடாவை மாற்றுங்கோ. ஐந்து திருகாணி போட்ட கூடு சுகம். ஒட்டிய கூட்டை விளிம்பில் கத்தி விட்டுப் பிளக்கலாம், ஆனால் அது திரும்பப் பொருந்தாது. திறந்தவுடன் நாடா உருளைகளைச் சுற்றிப் போகிற வழியை ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நாடாவின் முகத்தில் விரல் படக்கூடாது.

கம்பளி இருந்தும் மூடியிருந்தால் ஹெட்டின் சாய்வு. றெக்கோடிங் பாரின் டெக்கில் ஹெட் நின்ற கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் ஒன்றல்ல. ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை, பாட்டு ஓடும்போதே கால் சுற்றுக்குள் மெதுவாகத் திருப்பிப் பாருங்கோ. சலங்கையும் ஹைஹாட்டும் (டிரம்ஸின் சோடித் தாளம்) தெளிகிற இடத்தில் நிற்பாட்டிப் பிரதி எடுங்கோ. முடிந்ததும், கம்பனிக் கசற் ஒன்றைப் போட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டு வாங்கோ. நல்ல டெக்கில் இந்த விளையாட்டு வேண்டாம். 120 நிமிடக் கசற் என்றால் நாடா மிக மெல்லிசு, வேகமாகச் சுற்றாமல் ஒரே ஓட்டத்தில் பிரதி எடுத்துவிடுங்கோ.

நிலாவெளி: படத்தில் கேட்ட சரணம் தட்டில இல்லை. பின்னணி இசையும் இல்லை. முழுசா எங்க எடுக்கலாம்?

78இல் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான், நீளமான பாட்டை இரண்டு பக்கமாக வெட்டுவார்கள், அல்லது சரணத்தையே விடுவார்கள். 45 சுற்று ஈபியிலும் (சின்னத் தட்டு) பக்கத்துக்கு ஏழு நிமிடம் வரைதான். ஆகவே தட்டில் சுருங்கியதை நட்டமென்று நினைக்க வேண்டாம், அது வேறு பிரதி. வெளிநாட்டிலும் இதே கதைதான்: 1975இல் வந்த "ஜோஸ்" படத்தின் அல்பம், படத்தில் ஒலித்த பதிவே அல்ல, தட்டுக்கென்று திரும்ப வாசித்தது.

தமிழில் பழைய படங்களின் பின்னணி இசை தனியாக வெளிவருவது அபூர்வம். இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு: கதை வசனத் தட்டும் கசற்றும். கோயில் திருவிழாக் குழாயில் கேட்டுச் சலித்தது என்று பலர் அதைத் தொடுவதே இல்லை, அதனால் மலிவாகவும் கிடைக்கும். வசனத்துக்குப் பின்னால் படத்தின் இசை அப்படியே ஓடும்.

லிங்கநகர்: ஒரிஜினல் இறுவட்டா, அடிச்சதா என்று எப்படிப் பிடிக்கிறது?

அடிப்பக்கம் பச்சையோ நீலமோ கலந்திருந்தால் வீட்டில் எரித்த தட்டு. வெள்ளிக் கண்ணாடி போலிருந்தால் அச்சுத் தட்டு, ஆனால் களவுத் தட்டும் அச்சில் வரும். நடுத்துளைக்குப் பக்கத்தில் "ஐஎஃப்பிஐ" (உலக இசைக் கம்பனிகளின் சங்கம்) எழுத்து இருக்கிறதா பாருங்கோ. அது 1994இல் தொடங்கியது. அதற்கு முந்திய தட்டில் இல்லாதது குற்றமல்ல. கணினியில் அலைவரிசைப் படம் (எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டுவது) போட்டு, 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டினது போல வெறுமையாக இருந்தால் எம்பி3யிலிருந்து அடித்தது என்று சந்தேகிக்கலாம்.

"மூன்று படம் ஒரே இறுவட்டில்" என்று வருவதில் கவனம். 74 முதல் 80 நிமிடத்துக்குள் அடக்கச் சோகப் பாட்டும் இசைத் துண்டும் வெட்டுப்படும். துடைக்கும்போது எல்பிக்கு நேர்மாறு: நடுவிலிருந்து வெளிப்பக்கம் நேராகத் துடைக்க வேண்டும். மேல்பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுதாதேங்கோ, அலுமினியப் பூச்சு அந்தப் பக்கத்தில்தான் தோலுக்கு அடியில் இருக்கிறது.

உப்புவெளி: எல்பியைக் கணினிக்கு மாற்ற என்ன அளவு வைக்கிறது?

24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ். 40 நிமிட எல்பிக்கு 1.4 கிகாபைட் வரை பிடிக்கும், தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பில் ஏறக்குறையப் பாதி. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கோ. பழைய மோனோத் தட்டையும் ஸ்ரீரியோவாகவே பதிந்து, பிறகு இரண்டு பக்கத்தையும் சேர்த்து மோனோ ஆக்குங்கோ, கரகரப்பு கேட்கிற அளவுக்குக் குறையும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சேர்க்காமல் நல்ல பக்கத்தை மட்டும் எடுங்கோ. இரைச்சல் நீக்கும் கருவியை மூலப் பிரதியில் ஓட்டவே வேண்டாம். அது இரைச்சலோடு வீணைத் தந்தியை மீட்டும் கணத்தின் கூர்மையையும் கொண்டுபோகும்.

நாதஸ்வரத்தின் நீண்ட சுரம் அலைந்தால் எண்ணிப் பாருங்கோ. 33⅓ தட்டில் 1.8 செக்கனுக்கு ஒருதரம் அலைந்தால் தட்டின் துளை மையத்தில் இல்லை, அல்லது தட்டு வளைந்திருக்கிறது. அதைவிட வேகமாக அலைந்தால் பெல்ட் அல்லது மோட்டர்.

மூதூர் (இன்னொருவர்): கொழும்பிலிருந்து இரவு மெயில் ரெயிலில் தட்டுக் கொண்டுவர ஏதும் யோசனை?

தட்டைக் கவருக்குள்ளிருந்து எடுத்து, உள்ளுறையோடு கவரின் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பொலித்தீனுக்குள் போடுங்கோ. குலுக்கத்தில் தட்டு கவரின் ஓரத்தைக் கிழிப்பது இதனால் நிற்கும். இரண்டு பக்கமும் தட்டை விடப் பெரிய மட்டையை வைத்துக் கட்டி, நிறுத்தியபடியே கொண்டு வாங்கோ. சாமான் வைக்கிற மேல்தட்டில் படுக்கப் போட்டால் அதற்கு மேல் யாரோ ஒருவரின் பெட்டி வந்து குந்தும்.